எஸ்டா போட்டாச்சா?

லண்டன், பாரிஸில் இருந்து அமெரிக்கா கிளம்பும் தங்கச்சிமாரே, டிக்கெட் போடும் முன் எஸ்டா போடுங்கள். "பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தானே, நேரே போய் இறங்கிடலாம்" என்பதெல்லாம் 2009 ஜனவரியோடு முடிந்த கதை. விசா விலக்கு உள்ள நாட்டுக்காரர்களும் விமானம் ஏறும் முன்பே இணையத்தில் எஸ்டா என்ற இந்த அனுமதியை வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் செக்-இன் கவுண்டரிலேயே திருப்பி விடுவார்கள். 2001-இல் ஷூவுக்குள் வெடிமருந்தோடு பாரிஸில் மயாமி விமானம் ஏறிய ரிச்சர்ட் ரீட் வைத்திருந்ததும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான். பிடி இறுகாமல் இருக்குமா?

கட்டணம் 2025 செப்டம்பர் 30 அன்று 40 டாலராக உயர்ந்தது. தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் கமிஷன் பிடுங்கும் ஏஜெண்ட் தளங்கள். முகவரி 'டாட் ஜிஓவி' என்று முடிகிறதா பார்த்துக்கொள்ளுங்கள். 72 மணி நேரத்துக்கு முன் போட்டால் போதும் என்பார்கள். நான் ஒரு மாதம் முன்பே போடச் சொல்வேன்.

நம்மவர்கள் தடுமாறுவது பெயரில். அப்பா பெயர் எந்தக் கட்டத்தில்? பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில், அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் நாட்டுக் குறியை அடுத்து வருவது குடும்பப் பெயர். இரட்டை அம்புக்குறிக்குப் பின் வருவது சொந்தப் பெயர். அதன்படியே நிரப்புங்கள். கல்யாணத்துக்கு முந்தைய பெயர், பழைய குடியுரிமை கேட்டால் மறைக்க வேண்டாம். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் பிறகு திருத்த முடியாது. புதிதாக விண்ணப்பம், மறுபடி கட்டணம்.

கியூபா கடற்கரைக்கு ஜாலியாகப் போய் வந்தீர்களா? 2021 ஜனவரி 12-க்குப் பிறகு என்றால் எஸ்டா கிடைக்காது; தூதரகத்தில் விசாதான். 2011 மார்ச் முதல் ஈரான், ஈராக், சிரியா போனவர்களுக்கும் அதே கதி. பாரிஸ் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் 2015-இல் வந்த சட்டம் இது. ஈராக்கிலுள்ள கர்பலாவுக்குப் புனித யாத்திரை போனவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று எனக்கும் தோன்றும். ஆனாலும் பொய் எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சமூக ஊடகக் கணக்கு விவரம் 2016-இல் விருப்பக் கேள்வியாக நுழைந்தது. கடந்த ஐந்தாண்டுக் கணக்குகளைக் கட்டாயம் கேட்கும் திட்டத்தை 2025 டிசம்பரில் முன்வைத்தார்கள். மறந்துபோன கணக்குப் பெயர்களை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எஸ்டா கிடைத்தாலும் உள்ளே விடுவது அமெரிக்க எல்லை அதிகாரியின் முடிவு. அவர் மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. அந்த உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் படிவத்தில் டிக் போடுகிறோம். திரும்பும் டிக்கெட்டும் தங்கும் முகவரியும் கையில் இருக்கட்டும். 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. நடுவில் கனடா சித்தி வீட்டுக்குப் போய் வந்தாலும் அந்த நாட்களும் பொதுவாகக் கணக்கில் சேரும்.

கைக்குழந்தைக்கும் தனி எஸ்டா. அம்மா இன்னும் இலங்கை அல்லது இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தால் எஸ்டா செல்லாது, விசா நேர்காணல்தான். அதற்குத் தேதி கிடைக்க மாதக்கணக்காகலாம். அம்மாவுக்கு விசா கைக்கு வந்த பிறகு மற்றவர்களுக்கு டிக்கெட் பாருங்கள்.