மலைக்காட்டில் வழி வகுத்தல்

காட்டு மரத்தை ஏற்றி வருதற்கும், காட்டுத்தீயை அவித்தற்கு விரைந்து செல்லுதற்கும் பாதை வேண்டும். ஆயினும், தகாத இடத்தே வெட்டிய பாதை அக்காட்டிற்கே பகையாய் முடியும். அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்கள் இதனை நன்கறிந்தன. 1996-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களிற் பெய்த பெருமழையோடு பனியும் உருகவே, ஆண்டு மலைகள் பலவிடத்துச் சரிந்தன. காட்டுப் பாதைகள் பல இடிந்து வீழ்ந்தன. இங்ஙனம் இடியும் பாதையின் மண் ஓடைகளிற் சேரும். அவ்வோடைகளின் கூழாங்கற்களிடையேதான் சால்மன் மீன்கள் முட்டையிடுகின்றன. நுண்மண் கல்லிடுக்குகளை அடைப்பின், உயிர்க்காற்றுடைய நீர் முட்டைகளை எட்டாது, அவை அழியும். எனவே, பாதை எவ்வழிச் செல்லவேண்டும் என்னும் வினா உயிர்களைப் பற்றிய வினாவாகும்.

அவ்வழியைக் காண்பது எங்ஙனம்? ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து நிலப்படத்தில் வரைவது சமவுயரக்கோடு எனப்படும். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே உயரம் 40 அடி வேறுபடுகிறதெனக் கொள்வோம். பாதையின் ஏற்றம் நூற்றுக்குப் பத்தாக அமையவேண்டுமாயின், 40 அடி ஏற 400 அடி செல்லவேண்டும். 24,000-இல் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தில் அஃது ஓர் அங்குலத்தின் ஐந்திலொரு பங்கு. கவராயத்தை அவ்வளவிற்கு விரித்து, ஒரு காலை ஒரு கோட்டில் ஊன்றி, மறுகால் அடுத்த கோட்டைத் தொடும் புள்ளியைக் குறித்துக்கொண்டே செல்வர். அப்புள்ளிகளை இணைப்பின் பாதை தோன்றும். முன்னோர் கையாண்ட முறை இதுவே.

இப்பொழுது இவ்வேலையைக் கணினி செய்கின்றது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான 'பெக்கர்' என்னும் கணினிநிரல் இத்தகையது. ஏற்றத்தின் அளவைக் குறித்து, செல்லுந் திசையைக் காட்டினால், அடுத்த புள்ளியை அதுவே கண்டு தருகின்றது. ஒரு வழியை வரையும் பொழுதில் பல வழிகளை வரைந்து ஒப்பிடலாம்.

ஆனால், படம் பிழையாயின் கணக்கும் பிழையன்றோ? வானத்திலிருந்து எடுக்கும் நிழற்படத்தில் அடர்ந்த காட்டின் மரத்தலைகளே தோன்றும். நிலம் மறைந்து நிற்கும். இக்குறையை 'லைடார்' என்னுங் கருவி பெரிதும் நீக்கியது. வானூர்தியிலிருந்து அது லேசர் ஒளித்துடிப்புகளை எண்ணிறந்தனவாய் விடுக்கின்றது. அவற்றுட் சில இலைகளினூடே புகுந்து தரையைத் தொட்டு மீளும். மீளுங் காலத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படும். மரங்களிற் பட்டு மீண்டவற்றை விலக்கினால் தரையின் உருவம் வெளிப்படும். பண்டை மண்சரிவுகளின் வடுக்களுங்கூடப் புலனாம். அவ்விடங்களை விலக்கிப் பாதையைத் திருப்பலாம்.

இத்துணை இருந்தும், பாறையின் உறுதியையும் மண்ணின் ஈரத்தையும், வேரடியிற் கசியும் சிற்றூற்றையும் படம் முற்றக் காட்டாது. ஆதலின் பொறியாளர் படத்தைக் கையிற்கொண்டு அவ்வழியே நடந்து, நாடாக் கட்டி அடையாளமிட்டுத் திருத்திய பின்னரே மண்ணை வெட்டல் வேண்டும்.

யாம் தமிழ் பயில்வோம், பொறிநூல் வல்லோமல்லோம். எனினும், இம்முறையில் எல்லோர்க்கும் உரியதொரு பாடம் உண்டெனக் கருதுகின்றோம். படத்தில் வரைந்த பிழையை ஒரு நொடியில் அழிக்கலாம். மலையில் வெட்டிய பிழையையோ, எளிதில் அழித்தல் இயலாது. ஆதலின் வெட்டுமுன் பலகால் வரைதலும், வரைந்தபின் நடந்து காண்டலும் அறிவுடையார் கடனாம்.