அப்பாவின் ஆர்.எக்ஸ். 100

கேள்வி: அப்பா மீன்கூடை கட்டி ஓட்டிய 1992 யமஹா ஆர்.எக்ஸ். 100 பல வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது. சரிசெய்யலாமா, விற்றுவிடலாமா?
– வாசகர், பழவேற்காடு

பதில்: எஞ்சினை நினைத்துக் கவலைப்படாதீர்கள், தம்பி. 1985 முதல் 1996 வரை வந்த இந்த 98 சிசி வண்டி டூ-ஸ்ட்ரோக். போர் போட்டுப் புது பிஸ்டன் மாட்டினால் உயிர் வந்துவிடும். சாமான்களைச் சென்னை புதுப்பேட்டையில் தேடுங்கள்.

உங்கள் ஊரில் வண்டிக்கு எமன் உப்புதான். ஏரிக்காற்று போதாதென்று, கூடையிலிருந்து ஐஸ் தண்ணீரும் பின்பக்கம் வழிந்திருக்கும். சீட்டைக் கழற்றி, சேசிஸ் குழாய்களைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் கணீரென்று வரவேண்டும். ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் இரும்பு செத்துவிட்டது. பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து மறைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓடும்போது முறிந்தால் உயிர் போகும். சேசிஸ் எண்ணைத் துரு தின்றிருக்கிறதா என்றும் பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்டிஓ ஆபீசில் அந்த எண்ணைத்தான் சரிபார்ப்பார்கள்.

இரண்டும் தேறினால் விற்காதீர்கள், சரிசெய்யுங்கள். மீன்கூடையை மட்டும் மறுபடி அதில் கட்ட வேண்டாம். அதற்கு ஒரு எக்ஸ்.எல். மொபெட் போதும்.