எங்க ஊர்ச் செய்தி எங்கே இருக்கு? – மின்னூலகம் ஓர் அறிமுகம்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, கான்கிரீட் பற்றி எழுதலாமா, சர்வே பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதெல்லாம் நமக்குப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு செமினாருக்காக நான் அலைந்த அலைச்சலில் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் எந்தப் பாடத்திலும் இல்லை. அதை எழுதினால் அடுத்து செமினார் எடுக்கப் போகிற உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

செமினாரும் செண்பகத்தோப்பும்

என் ஊர் படவேடு. போளூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி மாதம் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கு மேலே கமண்டல நாகநதியின் குறுக்கே செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. உயரம் சுமார் 62 அடி, கொள்ளளவு சுமார் 287 மில்லியன் கன அடி. நான் சிவில் மாணவி ஆகையால், "எங்கள் ஊர் அணை" என்பதையே செமினார் தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

தலைப்பை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த அணை கட்டும்போது எங்க அப்பா அங்கே கூலி வேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியது நான்தான் முதல். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். தலைப்பைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்போ பேப்பர்காரங்க வந்து போட்டோ புடிச்சாங்கம்மா. பேப்பர்லயும் வந்துது. நான் ஓரத்துல பாண்டு தூக்கினு நிப்பேன். உங்க பாட்டி அதைச் சுவத்துல ஒட்டி வெச்சிருந்தா. ஒரு மழையில ஊறிப் போயிடுச்சு" என்றார். எந்த வருஷம், எந்தப் பேப்பர் என்று கேட்டால் தெரியவில்லை.

அந்தப் படத்தை எப்படியாவது கண்டுபிடித்து செமினாரில் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்து டவுனில் ஒரு நூலகத்தில் கேட்டேன். "இடம் இல்லம்மா, பழைய பேப்பரை எல்லாம் எடைக்குப் போட்டுடுவோம்" என்றார்கள். பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார். "இன்னா பாப்பா, போன மாசத்து பேப்பரே இங்க இருக்காது, நீ இருவது வருஷத்துப் பேப்பரைக் கேக்கற!" என்றார். எங்க ஊரில் வாழைத்தார் சுற்றி அனுப்புவதே பழைய பேப்பரில்தான். எங்க ஊர்ச் செய்தி எந்தத் தாரைச் சுற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போனதோ!

துறை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "காகிதத்தைத் தேடாதே. அதை யார் சேர்த்து வெச்சிருக்காங்கன்னு தேடு." அதற்குப் பிறகுதான் மின்னூலகம் என்ற உலகத்துக்குள் நான் நுழைந்தேன்.

மின்னூலகம் என்றால் என்ன?

புத்தகத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் அது மின்னூலகம் ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அது தவறு. மின்னூலகத்துக்கு நான்கு வேலைகள் உண்டு.

முதலாவது, படியெடுத்தல். சாதாரண அச்சுப் புத்தகத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். செய்தித்தாளில் எழுத்து பொடியாக இருப்பதால் 400 புள்ளி வைப்பது நல்லது. நிரந்தரமாக வைக்க ஒரு பெரிய கோப்பு, படிப்பவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறிய கோப்பு என்று இரண்டு செய்வார்கள்.

இரண்டாவது, எழுத்துணர்தல். ஸ்கேன் செய்த பக்கம் கம்ப்யூட்டருக்கு வெறும் படம். அதிலுள்ள எழுத்தை எழுத்தாக மாற்றினால்தான் தேட முடியும். தமிழில் இது சிரமம். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான ணை, லை, றா போன்ற எழுத்துகளின் வடிவமே வேறு. செய்தித்தாளில் பத்தி பத்தியாக இருப்பதால், கம்ப்யூட்டர் ஒரு பத்தியின் வரியை அடுத்த பத்தியின் வரியோடு சேர்த்துப் படித்துவிடும். அப்புறம் கல்யாணச் செய்தியும் விபத்துச் செய்தியும் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது, விவரக் குறிப்பு. பெயர், ஆண்டு, தேதி, ஊர், எந்தப் பதிப்பு என்பதெல்லாம். ஒரே நாளிதழ் சென்னையில் ஒரு பக்கமும் வேலூரில் வேறு பக்கமும் போடும். எந்தப் பதிப்பு என்று குறிக்காவிட்டால் உள்ளூர்ச் செய்தி கிடைக்கவே கிடைக்காது.

நான்காவது, பாதுகாத்தல். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நாளில் போய்விடும். இரண்டு மூன்று இடங்களில் பிரதி வைக்க வேண்டும்.

செய்தித்தாளுக்கு அவசரம் அதிகம். நியூஸ்பிரிண்ட் காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமல் இருப்பதால், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், நாளடைவில் அப்பளம்போல் நொறுங்கும். நூறு வருஷப் புத்தகம் நன்றாக இருக்கும். முப்பது வருஷப் பேப்பர் தொட்டால் உதிரும்.

அரசு அறிக்கையில் எங்க ஊர்

அப்பாவின் படத்தைத் தேடப் போன எனக்கு வேறொரு புதையல் கிடைத்தது. தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற வரிசையின் முதல் தொகுதி. ஹூல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பதிப்பித்து 1890-இல் வந்தது. இன்று அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதில் படவேட்டுக் கல்வெட்டுகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது! நான் சின்ன வயதில் ஓடி விளையாடிய அம்மையப்பேசுவரர் கோயிலின் அடித்தளத்தில் இருக்கும் எழுத்து, 1258-ஆம் ஆண்டு இராசகம்பீர சம்புவராயர் காலத்தைச் சேர்ந்தது என்று அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதே தொகுதியில் வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு ஒன்றும் இருக்கிறது. விஜயநகர மன்னர் தேவராயர் காலம், சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425 வாக்கில். அன்றைக்கு இந்தப் பகுதிக்கே படைவீட்டு இராச்சியம் என்று பெயர். அந்த இராச்சியத்து அந்தணர்கள், கன்னடம், தமிழ், தெலுங்கு என்று எந்தப் பிரிவாக இருந்தாலும், இனிமேல் பொன் வாங்காமல்தான் பெண் கொடுப்பது என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பொன் வாங்கினவரும் கொடுத்தவரும் அரச தண்டனைக்கு உட்பட்டவர், சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவார். கல்யாணத்தில் காசு பேசக் கூடாது என்று 600 வருஷத்துக்கு முன்பே எங்க ஊர் பெயரில் ஒரு தீர்மானம்! நம் காலத்தில் பேசப்படும் வரதட்சணையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அங்கிருந்தும் பார்த்துப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் அறிந்தது அன்றைய பதிவுகளால்தான். அந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன் ஆய்வுக் கட்டுரைகளை மின்களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. கல்வெட்டும் கிடைக்கிறது, வானத்து வளையமும் கிடைக்கிறது. நடுவில் என் அப்பா தலைமுறைச் செய்திதான் கிடைக்கவில்லை.

செய்தித்தாளைக் காப்பவர்கள்

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை, மும்பை, டெல்லி நகரங்களில் உள்ள நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். 1956-இல் செய்தித்தாள்களும் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்டன. சென்னையில் அந்த நூலகம் 1896-இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா ஆகும்.

அரசு மட்டும் காக்கவில்லை, தனி மனிதரும் காத்திருக்கிறார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். வாழ்நாள் முழுதும் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல், 1994-இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைக்க உதவியது. மற்றவர் குப்பை என்று எறிந்த நோட்டீசுகூட இன்று ஆராய்ச்சிப் பொருள்.

காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. 1981-இல் அங்குள்ள பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. பின்னாளில், 2005-இல், தன்னார்வலர்கள் சேர்ந்து நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகம் தொடங்கினார்கள். அதில் நூல், செய்தித்தாள் மட்டுமல்ல. பள்ளி மலர், கோயில் மலர், நினைவு மலர் எல்லாம் இருக்கின்றன. ஆமாம் நண்பர்களே, நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்த மலர் மாதிரியானவைதான்!

தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்னூலகத்தில் பழைய நூல்கள், இதழ்கள் பல உள்ளன. ஆஸ்திரேலியாவில் ட்ரோவ் என்ற தேசியத் தொகுப்பில் பழைய செய்தித்தாள்களைப் பொதுமக்களே படித்து, கம்ப்யூட்டர் தப்பாகப் படித்த எழுத்துகளைத் திருத்திக் கொடுக்கிறார்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை. தாய்மொழி படிக்கத் தெரிந்தால் போதும்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

நான் பட்ட கஷ்டம் நீங்கள் படக் கூடாது என்பதற்காக இதைத் தனியாகத் தருகிறேன்.

1. ஊர்ப் பெயரைப் பல விதமாகத் தேடுங்கள். படவேடு, படைவீடு, படைவேடு மூன்றும் எங்க ஊர்தான். ஜவ்வாது, சவ்வாது, ஜவ்வாதி எல்லாம் ஒரே மலை. ஆங்கில எழுத்தில் இன்னும் பல உண்டு.

2. மாவட்டம் மாறியிருக்கும். திருவண்ணாமலை மாவட்டம் 1989-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய அறிக்கை எல்லாம் வட ஆர்க்காடு என்ற பெயரில் இருக்கும். பிரிந்த பிறகும் சில ஆண்டுகள் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே பெயர். இது தெரியாமல் நான் ஒரு வாரம் வீணாக்கினேன்.

3. ஒரே பெயரில் வேறு ஊர் இருக்கும். செண்பகத்தோப்பு என்று போட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் செண்பகத்தோப்பும், அங்குள்ள அணில் சரணாலயமும் வந்து நிற்கும். எனவே ஆற்றின் பெயரையும் தாலுகா பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

4. இணையத்தில் இல்லை என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தம் அல்ல. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அரசு அலுவலகங்கள் தங்கள் ஆவணங்களைப் பட்டியலிட்டு வைக்கவும், முடிந்தவற்றைக் கணினிமயமாக்கவும் சொல்கிறது. எழுதிக் கேட்கலாம்.

5. எடுத்த விவரத்துக்குப் பக்கத்திலேயே எங்கே எடுத்தீர்கள், பக்கம் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்று விட்டால் அவ்வளவுதான்.

நாம் என்ன செய்யலாம்?

அணையின் ஷட்டர் சரியாக இயங்காமல் பல ஆண்டுகள் முழு அளவுக்குத் தண்ணீர் தேக்க முடியாமல் இருந்ததும், பிறகு சரிசெய்யப்பட்டதும் சமீபத்துச் செய்திகளாக இணையத்தில் கிடைத்தன. கட்டிய காலத்துச் செய்தி கிடைக்கவில்லை. பெரிய செய்தியை யாராவது காப்பார்கள். ஓரத்தில் பாண்டு தூக்கிக்கொண்டு நிற்பவரின் படத்தை, அவர் வீட்டுப் பிள்ளை காக்காவிட்டால் வேறு யார் காப்பார்கள்?

எனவே மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் ஸ்கேன் செய்யட்டும். நாங்கள் பெயர்ப் பட்டியல் எழுதித் தருகிறோம். ஒவ்வொருவரும் தன் ஊர் பற்றிய செய்தி வந்தால் பக்கத்தை வெட்டாமல் முழுசாக எடுத்து, தேதியும் பதிப்பும் எழுதி வைப்போம். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும்.

முடிவுரை

அப்பாவின் படம் எனக்குக் கிடைக்கவில்லை. செமினாருக்கு முந்தின ராத்திரி அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். எத்தனை மணிக்குப் போவார், கலவை எப்படிப் போட்டார்கள், ஆற்றில் தண்ணீர் வந்தால் என்ன செய்வார்கள் என்று ஆறு பக்கம் வந்தது. அதில் மூன்று விஷயம் என் பாடப் புத்தகத்தில் இல்லாதது. மேலே தேதி போட்டு, கீழே அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். செமினாரில் படத்துக்குப் பதிலாக அந்தப் பக்கங்களைத்தான் காட்டினேன்.

செண்பகத்தோப்பு அணையில் என் அப்பா வேலை செய்தார் என்பது மறுபடியும் அச்சில் வருவது இந்த மலரில்தான். தயவுசெய்து இதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!



– சிவில் துறை மாணவி, இரண்டாம் ஆண்டு, படவேடு