சொல்லும் நடத்தையும்: பிரிட்டன் முஸ்லிம்களின் வரலாறு தரும் பாடம்

சிறுபான்மையினராய் வாழ்தல் இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதன்று. மதீனாவுக்கு ஹிஜ்ரத் செல்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கி.பி. 615 அளவில், மக்கத்துக் கொடுமை தாளாத முஸ்லிம்கள் சிலர் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரைப்படி அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். அந்நாட்டை ஆண்டவர் கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷி. அகதிகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு வேண்டிக் குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் தூதரை அனுப்பினர். அப்போது மன்னரின் அவையில் எழுந்தவர் ஜஅஃபர் இப்னு அபூதாலிப் (ரலி). அறியாமைக் காலத்தில் தாம் இருந்த நிலையையும், வாய்மை, நாணயம், உறவைப் பேணல், அண்டை வீட்டாரை மதித்தல் என இறைத்தூதர் கற்பித்த நெறியையும் அவர் தெளிவாக எடுத்துரைத்தார். பின்னர் மர்யம் அத்தியாயத்தின் வசனங்களை ஓதினார். மன்னர் கண் கலங்கினார், அடைக்கலம் நிலைத்தது. தெளிந்த சொல்லும் அதற்குச் சான்றான நடத்தையுமே அன்று அச்சிறு கூட்டத்தின் வலிமை.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு பிரிட்டன் முஸ்லிம்களின் வரலாற்றை நோக்குவோம்.

முன்னோடிகள்

லிவர்பூல் நகர வழக்கறிஞர் வில்லியம் ஹென்றி குவில்லியம் 1887 அளவில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் ஆனார். தொழுகைக் கூடமும் பள்ளியும் அநாதை இல்லமும் அமைத்தார். கல்லெறி பட்டும் பணியைக் கைவிட்டாரல்லர். 1889இல் வோக்கிங் நகரில், போபால் அரசி ஷாஜஹான் பேகத்தின் பொருளுதவியால் அழகிய பள்ளிவாசல் எழுந்தது. அதன் அருகேயுள்ள புரூக்வுட் அடக்கத்தலத்தில், திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த மர்மடியூக் பிக்தாலும் அப்துல்லாஹ் யூசுஃப் அலியும் துயில்கின்றனர். பிக்தால் நமக்கும் அயலாரல்லர். வள்ளல் ஜமால் முகமது சாகிபின் ஆதரவில் நடைபெற்ற சென்னைச் சொற்பொழிவு வரிசையில் 1927இல் இஸ்லாமியப் பண்பாட்டைப் பற்றி உரையாற்றியவர் அவர்.

ஒரு நகரின் இரு நிகழ்ச்சிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலைகளுக்குத் தொழிலாளர் தேவைப்பட்டனர். சில்ஹெட்டிலிருந்தும், மங்களா அணையால் நிலமிழந்த மீர்பூரிலிருந்தும் முஸ்லிம்கள் சென்றனர். சாதாரணக் குடியிருப்பு வீடுகளே அவர்களுடைய முதற் பள்ளிவாசல்களாயின. கம்பளி ஆலைகள் மிகுந்த பிராட்போர்டில் அவர்கள் பெருந்தொகையினராய்க் குடியேறினர்.

அந்நகர மன்றம் 1983இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹலால் உணவு வழங்க இசைந்தது. எதிர்ப்புக் கிளம்பவே முடிவு மறு ஆய்வுக்கு வந்தது. முஸ்லிம் பெற்றோர் மன்றத்தாரிடம் தம் நியாயத்தை எடுத்துரைத்தனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது அறவழியில் எதிர்ப்பும் காட்டினர். 1984இல் மன்றம் பெரும்பான்மை வாக்குகளால் உணவுத் திட்டத்தை நிலைநிறுத்தியது.

1989 சனவரியில் அதே நகரில், நபிகளாரை இழிவுபடுத்தியதாகக் கருதப்பட்ட ஒரு நாவலின் படி எரிக்கப்பட்டது. மனம் புண்பட்டது மெய். அன்றைய மத நிந்தனைச் சட்டம் கிறித்தவத்தை மட்டுமே காத்தது என்பதும் மெய். ஆயினும் உலகம் கண்டது நெருப்பை மட்டுமே. அதற்கு முன் எழுதப்பட்ட கடிதங்களையும் விண்ணப்பங்களையும் எவரும் நினைவு கூரவில்லை. முன்னது பிள்ளைகளுக்கு உணவைத் தந்தது. பின்னது அவர்களுக்கு அவப்பெயரைத் தந்தது.

சட்டத்தின் வாயில்

1976ஆம் ஆண்டு இன உறவுச் சட்டம் சமய அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கவில்லை. தலைப்பாகை அணிந்த சீக்கிய மாணவரைச் சேர்க்க ஒரு பள்ளி மறுத்த வழக்கில், சீக்கியர் ஓர் இனக்குழுவினரே என 1983இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பல இனத்தாரை உள்ளடக்கிய முஸ்லிம்களுக்கு அக்காப்புக் கிட்டவில்லை. வேலைவாய்ப்பில் சமயப் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் 2003இல்தான் வந்தன. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அக்காப்பை உறுதிப்படுத்தியது. யூசுஃப் இஸ்லாம் 1983இல் இலண்டனில் நிறுவிய இஸ்லாமியா பள்ளியும், விண்ணப்பம் பலமுறை மறுக்கப்பட்ட பின்னர் 1998இலேயே அரசு நிதியுதவி பெற்றது. கிறித்தவ, யூதப் பள்ளிகள் அதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வுதவியைப் பெற்றிருந்தன.

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் 3 விழுக்காட்டினராய் இருந்த முஸ்லிம்கள் 2021இல் 6.5 விழுக்காட்டினராயினர். எனினும் அவர்கள் பெற்ற உரிமைகள் எண்ணிக்கையால் மட்டும் விளைந்தவையல்ல. விண்ணப்பத்தாலும் வாதத்தாலும் பொறுமையாலும் விளைந்தவை.

மாணவச் செல்வங்களே! சிறுபான்மையினர் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை நம் அரசியலமைப்பின் 30ஆம் விதி 1950 முதலே எழுத்தில் வழங்கியுள்ளது. அங்குள்ளோர் ஒரு பள்ளிக்கு அரசுதவி பெறவே பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தனர். நாமோ எழுதித் தரப்பட்ட உரிமையின் நிழலில் அமர்ந்து பயில்கிறோம். அவ்வுரிமையைக் கொண்டு எத்தனை நல்ல வழக்கறிஞரை, ஆசிரியரை, மருத்துவரை, அண்டை வீட்டாரை இந்நாட்டுக்கு அளித்தோம் என்பதே நம்மை நோக்கி எழும் வினா. அதற்குரிய விடையை நம் வாழ்க்கையால் எழுதுவோமாக!