கணக்குப் படித்த பிள்ளைக்கு எத்தனை வழிகள்?

காணியையும் வீட்டையும் விட்டு வந்தோம். கற்றது மட்டும் கூடவே வந்தது. ஆகவே பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சிந்திப்போம். "கணக்கியல் படித்தால் வங்கி வேலைதானே?" என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். வங்கி ஒரு வழி மட்டுமே. வேறு மூன்றைப் பார்ப்போம்.

1. கணக்குப் பதிவு: காசேடு, பேரேடு எழுதுதல். கடை, அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கம் யாவற்றுக்கும் இது தேவை.

2. கிரயக் கணக்கு: ஒரு மூட்டை நெல்லுக்கு உழவு, விதை, பசளை, கூலி என எவ்வளவு முடிந்தது எனக் கணித்தல். இது தெரியாதவர் நட்டத்திற்கு விற்றும் அறியார்.

3. கணக்காய்வு: பிறர் எழுதிய கணக்கைப் பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல். சங்கப் பணத்திற்கு இதுவே காவல்.

இலங்கையில் 1987இல் தொடங்கிய ஏ.ஏ.ரி. கழகத்தின் பரீட்சைகள் நல்ல முதற்படி. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகத்தில் பரீட்சையோடு வேலைப் பயிற்சியும் பெற வேண்டும். ஆண், பெண் இருபாலாருக்கும் இவ்வழிகள் உண்டு.

இன்றே தொடங்கலாம்: வீட்டு வரவு செலவை மகளோ மகனோ ஒரு கொப்பியில் எழுதட்டும்.

சிந்திக்க: நமது சங்கத்தின் கணக்கை வாசித்து விளங்கக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?