கல்வராயன் மலைத் தூசியும் கேமராத் திரையின் கீறலும்: சீர்செய்யும் முறை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறி, பெரியார் அருவியையும் மேகம் அருவியையும் படமெடுத்துத் திரும்பும் டிஜிட்டல் கேமராவில் லென்ஸுக்கு மூடி உண்டு. அதன் பின்புறத் திரைக்கோ பெரும்பாலும் எந்தக் காப்பும் இருப்பதில்லை. கழுத்தில் தொங்கும் கேமராவின் திரை வயிற்றுப் பக்கம் திரும்பியிருப்பதால் சட்டைப் பொத்தானும் இடைவாரின் உலோகக் கொக்கியும் நடைக்கு நடை அதில் உரசுகின்றன. ஆயினும் இவற்றினும் கொடியது மலைப்பாதையின் தூசியே.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையில் பரவலாகக் காணப்படுவது சார்னோக்கைட் என்னும் பாறை. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்தது என்பதால், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். இப்பாறையில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் கலந்திருக்கிறது. ஒரு பொருள் மற்றொன்றைக் கீறும் திறனை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5, கேமராத் திரைகளை மூடும் பிளாஸ்டிக் அதைவிட மிகக் கீழே நிற்கிறது. எனவே தூசி படிந்த திரையைத் துண்டு நுனியால் உலர்வாகத் துடைப்பவர், தம்மை அறியாமலே திரையின்மேல் உப்புத்தாளை இழுக்கிறார்.

சீர்செய்தலின் முதற்படி, இக்காரணத்தால், தூசியைத் தொடாமல் அகற்றுவதாகும். கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, திரை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துக்கொண்டு, ரப்பர் குமிழ் கொண்ட புளோயரால் காற்றைச் செலுத்த வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி பட்டுத் தூசி சேறாகும் என்பதால் அதைத் தவிர்ப்பது நலம். எஞ்சியதை மென்மயிர்த் தூரிகையால் தள்ளியபின், சிறிதளவு தூய நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தம் கொடுக்காமல் ஒரே திசையில் துடைக்க வேண்டும். கீறல் என்று எண்ணப்பட்டவற்றுள் சில, உலர்ந்த வியர்வைக் கோடுகளாகவே இருந்து, இந்நிலையிலேயே மறைந்துவிடுவதும் உண்டு.

அடுத்து, கீறல் எந்த அடுக்கில் விழுந்துள்ளது என்பதை அறிய வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்கும் எந்தச் சிகிச்சையும் வீண். கடைக்காரர் விற்கும்போதே ஒட்டித்தந்த ஸ்க்ரீன் கார்டு, அதாவது ஒளி ஊடுருவும் காப்புத்தாள், திரையின்மேல் இருப்பதை உரிமையாளர் மறந்திருக்கலாம். விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தால் அது தெரியும். கீறல் அதில் மட்டுமே இருந்தால் அதை உரித்து மாற்றுவதோடு வேலை முடிந்தது. காப்புத்தாள் இல்லையெனில், டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல நகர்த்த வேண்டும். நகம் தடுக்கினால் கீறல் ஆழமானது.

ஈரச் சோதனை இன்னும் பயனுள்ளது. கீறல் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் அதன் பள்ளத்தில் நிற்கும் காற்று. ஒரு பொருளுள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு ஏறத்தாழ 1, நீருக்கு 1.33, அக்ரிலிக் பிளாஸ்டிக்கிற்கு 1.49 என்பதால், பள்ளத்தில் காற்றுக்குப் பதில் நீர் நிறையும்போது ஒளி சிதறுவது குறைகிறது. விரல் நுனியை நனைத்துக் கீறலின்மேல் தடவும்போது அது மங்கி மறைந்தால், காப்புத்தாளின் ஒட்டுப்பசையும் அதே பள்ளத்தை நிரப்பி அதே பயனைத் தரும் என்று பெரிதும் நம்பலாம்.

ஆகவே மெல்லிய கீறல்களுக்கு ஏற்ற வழி, தேய்ப்பதைவிட மூடுவதே. திரையின் அளவுக்கேற்ற காப்புத்தாளை, மின்விசிறி நிறுத்தப்பட்ட, தூசியற்ற அறையில், ஒரு விளிம்பிலிருந்து தொடங்கிக் காற்றுக்குமிழ்களைத் தள்ளியவாறு ஒட்ட வேண்டும். மலைப்பயணம் மிகுதியாகச் செய்வோர் டெம்பர்டு கிளாஸ் எனப்படும் வன்மையூட்டிய கண்ணாடியைத் தேர்வது நன்று. குவார்ட்ஸ் அதையும் கீறக்கூடும்; ஆனால் கீறப்படுவது மாற்றத்தக்க பொருளாக இருக்கும்.

பற்பசையால் தேய்த்தல் பரவலாகக் கூறப்படும் யோசனை. பற்பசையில் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் போன்ற தேய்பொருள்கள் உள்ளன. அவை கீறலை நிரப்புவதில்லை, சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து அதன் மட்டத்திற்குக் கொண்டுவர முயல்கின்றன. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தை உருவாக்கும் கைவினைஞர் கரட்டு உப்புத்தாளில் தொடங்கி நுண்ணிய தாளில் முடிப்பதும் இதே தத்துவந்தான். ஆனால் மரத்திற்கு ஆழம் உண்டு, திரையின்மேல் உள்ள எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுக்கு அந்த ஆழம் இல்லை. பூச்சு திட்டுத்திட்டாகப் போனபின் திரை முழுவதும் மங்கித் தோன்றும். அது கீறலைவிடக் கேடானது.

பூச்சற்ற, தொடுதிரை அல்லாத, பழைய பிளாஸ்டிக் மூடிகளில் மட்டும், பிளாஸ்டிக்கிற்கென விற்கப்படும் நுண்பாலிஷைக் கடுகளவு எடுத்து, பொத்தான்களையும் திரையின் ஓர இடுக்குகளையும் ஒட்டுநாடாவால் மறைத்துவிட்டு, சிறுசிறு வட்டங்களாக மெல்லத் தேய்த்து, அரை நிமிடத்திற்கு ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம். அம்மோனியா கலந்த பாலிஷும் கண்ணாடி துடைக்கும் திரவமும் சிலவகைப் பிளாஸ்டிக்கில் வெடிப்புகளை உண்டாக்கும். அக்ரிலிக்கில் ஆல்கஹாலும் அவ்வாறே செய்யும்.

நகம் ஆழமாகச் சிக்கினாலோ, உள்ளிருக்கும் திரவப் படிகத் தகட்டில் கறுப்புக் கறை பரவினாலோ, மாற்றுவது ஒன்றே வழி. சில கேமராக்களில் மேல்மூடியை மட்டும் மாற்றலாம்; சிலவற்றில் திரைத்தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்பதால், பழுதுபார்ப்பவரிடம் முதலிலேயே இதைக் கேட்டறிந்து செலவைக் கேமராவின் இன்றைய மதிப்போடு ஒப்பிட வேண்டும். வீட்டில் திருகாணிகளைக் கழற்றிப் பார்ப்பது ஆபத்து: ஃபிளாஷ் பொருத்திய கேமராவின் உள்ளே உள்ள மின்தேக்கி சுமார் 300 வோல்ட் மின்னழுத்தத்தைத் தாங்கியிருக்கும், பேட்டரியை எடுத்தபின்னும் அது உடனே வடிந்துவிடாது.

திரையின் கீறல் பதிவாகும் படத்தில் விழுவதில்லை. திரையில் குறை தெரிகிறது என்பதற்காக வெள்ளிமலைப் பயணத்தில் எடுத்த படங்களை அங்கேயே அழித்துவிடாமல், வீடு திரும்பிக் கணினியில் பார்த்தபின் முடிவு செய்ய வேண்டும்.