முற்றத்துக்கும் வரி

சொத்து வரி கூடிவிட்டதென்று அங்கலாய்ப்பது வேறு, விதித்த வரி பிழையென்று ஆட்சேபிப்பது வேறு என்பது, 2022ஆம் ஆண்டுப் பொதுச் சீராய்வுக்குப் பிறகு எங்கள் பழைய வீட்டுக்கு வந்த அறிவிப்பை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனபோதுதான் எனக்குத் தெளிவாயிற்று. சென்னை நீங்கலான ஊர்களில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 சதவீதமும், 1,200 வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் வரியை உயர்த்துவதென்று அரசாங்கம் அப்போது தீர்மானித்திருந்தது. இந்த விகிதங்களைக் குறித்து பில் கலெக்டரோடு வாதாடுவதில் பிரயோஜனமில்லை. அவற்றை நிர்ணயித்தவர் அவரல்லர். ஆனால் கட்டடத்தின் விஸ்தீரணம், உபயோகம், வயது, தெரு சேர்ந்த மண்டலம் ஆகியவை அங்கேதான் பதிவாகின்றன. பதிவு பிழையானால் திருத்தம் கேட்கவும் அங்கேயே வழியுண்டு.

எங்கள் வீடு பூட்டியிருந்த நாளில் வந்து, 50 அடி நீளத்தையும் 25 அடி அகலத்தையும் வெளிச்சுவரோடு அளந்து பெருக்கி, 1,250 சதுர அடி என்று எழுதிக்கொண்டு போனவர், நடுவே வானம் பார்த்துக் கிடக்கும் 12க்கு 6 அடி முற்றத்தைக் கழித்திருக்கவில்லை. 72 சதுர அடிக்கு உரிய வரி சொற்பமே. எனினும், அதைக் கழித்தால் 1,178 என்றாகி, உயர்வு 75 சதவீதத்திலிருந்து 50க்கு இறங்கிவிடுமாதலால், மனு முழுவதும் அந்த முற்றத்தையே பற்றி நின்றது.

இத்தகைய மனுவில் வயோதிகத்தையும் பென்ஷனையும் அண்டை வீட்டார் கட்டும் தொகையையும் பிரஸ்தாபிக்க வேண்டாம். அவற்றால் அநுதாபம் பிறக்கலாம், உத்தரவு பிறக்காது. வரிவிதிப்பு எண், பிழையான அளவு, சரியான அளவு, இவற்றைச் சொல்ல ஒரு பக்கம் போதும். அதனோடு பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடத்தையும் புகைப்படங்களையும் சேர்த்தால் நலம். குடியிருப்பைக் கடையென்று பதிந்திருந்தால், வீட்டு உபயோகக் கட்டணம் விதித்திருக்கும் மின்வாரிய ரசீதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. அவர்கள் எழுதிவைத்த அளவு உங்களுக்குத் தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். கெடு அறிவிப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்ற வாய்மொழியை நம்பி அதைத் தவறவிடாமல், மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். மனு நிலுவையில் இருக்கையில் வரியை நிறுத்திவைப்பதும் விவேகமன்று. ஆட்சேபணைக்குட்பட்டுச் செலுத்துவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுவதே உத்தமம்.

ஸ்தல ஆய்வுக்கு வருகிறவர்களை வரவேற்று, அளவு நாடாவின் மறுமுனையை நாமே பிடிப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. முற்றத்தில் நின்று மேலே பார்த்த அதிகாரி, "ஐயா, இதை முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார். பூட்டிய வீடு எப்படிச் சொல்லும் என்று நான் கேட்கவில்லை; அவர் அனுகூலமாக எழுதிக்கொண்டிருந்த நேரம் அது!

உத்தரவு கைக்கு வந்ததும் கோப்பைக் கட்டி வைத்துவிடாதீர்கள். அடுத்த அரையாண்டுக் கேட்பில் திருத்திய விஸ்தீரணம் ஏறியிருக்கிறதா, அதிகமாகச் செலுத்திய தொகை வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.